நாற்றின் உயரத்தைப் பார்க்கிறோம், கழுத்தைப் பார்ப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் கொழுந்தனார் முறையுள்ள ஒருவர், வேனிலிருந்து மல்பெரி நாற்றுக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஈரச் சாக்கில் சுற்றிய கட்டு ஒவ்வொன்றிலும் நூறு நாற்று. "அண்ணி, பாருங்கள், எல்லாம் இடுப்புயரம்" என்று ஒன்றை உருவி என் கையில் கொடுத்தார். நான் இலையைப் பார்க்கவில்லை. அடித்தண்டில் ஒட்டியிருந்த மண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, வேர் தொடங்கும் இடத்துக்கு விரற்கடை மேலே, செடியின் கழுத்தில், நகத்தால் கீறினேன். பட்டைக்கு அடியில் பச்சை தெரிய வேண்டிய இடத்தில் புளியங்கொட்டைத் தோலின் நிறம் தெரிந்தது. பத்து நாற்றை எடுத்துக் கீறினேன். நான்கு அப்படியே இருந்தன. அவர் முகம் வாடியதைப் பார்த்த பிறகு எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் குடியாத்தம் வட்டத்தில், கவுண்டன்யா ஆற்றை ஒட்டிய ஒரு சிற்றூரில் பட்டுப்புழு வளர்க்கிறவள். 2009இல் ஓர் ஏக்கர் மல்பெரியோடு தொடங்கினோம். மல்பெரி சாகுபடியைப் பற்றி உங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் வரும் எதையும் நான் விடுவதில்லை. மானியம் எவ்வளவு, வெண்பட்டுக்கூடு கிலோ என்ன விலை, சொட்டுநீர் போட்டால் என்ன லாபம், இவையெல்லாம் வருகின்றன. நடப்போகும் நாற்று நோயில்லாததா என்பதைப் பற்றி மட்டும் நான் ஒரு வரியும் படித்ததில்லை. நெல்லோ வேர்க்கடலையோ கெட்டுப்போனால் ஒரு போகத்தோடு நஷ்டம் நின்றுவிடும். மல்பெரி அப்படியல்ல. ஒருமுறை நட்டால் பதினைந்து ஆண்டு நின்று இலை தர வேண்டிய செடி. நோயோடு உள்ளே வந்தால் அத்தனை ஆண்டுக்கும் அது நம்மோடு இருக்கும்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2019இல் இரண்டாவது ஏக்கரையும் மல்பெரியாக்க முடிவு செய்தோம். இரட்டை வரிசை முறையில் நட ஏக்கருக்குச் சுமார் 5,500 நாற்று வேண்டும். இரண்டு வட்டம் தாண்டி ஒரு தனியார் நாற்றங்காலில் வாங்கினோம். அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் ஒருவரின் குறை மட்டுமல்ல இது. வி-1 இரகம், கண்ணைப் பறிக்கும் பச்சை, பெரிய பெரிய இலை. யூரியாவால் வந்த வளர்ச்சி என்று இப்போது தெரிகிறது, அன்று மகிழ்ந்துபோனோம். ஐப்பசியில் நட்டோம். தை பிறந்ததும் வரிசை வரிசையாக நடந்து எண்ணினேன். 1,740 குழிகளில் செடி இல்லை, அல்லது வெறும் குச்சி நின்றது. பிடுங்கினால் மண்மட்டத்தில் பட்டை கறுத்துக் கையோடு உரிந்து வந்தது. கறையான் என்றார்கள், தண்ணீர் போதவில்லை என்றார்கள். என் மாமியார் மட்டும், "தண்ணீர் இல்லாமல் செத்தால் நுனியிலிருந்து காயும். இது கழுத்திலிருந்து செத்திருக்கிறது" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொன்ன அந்தக் கழுத்துதான் நோயின் பெயரிலும் இருக்கிறது என்று நான்கு ஆண்டு கழித்துத்தான் அறிந்தேன்.

நாங்கள் செய்த பெருந்தவறு அடுத்தது. செடி செத்த இடங்களை நிரப்ப அதே இடத்திலிருந்து 2,000 நாற்று கொண்டுவந்து, செத்த செடியின் குழியிலேயே நட்டோம். அதிலும் பாதி போயிற்று. புழுவுக்கு இலை போதாமல், கடைசிப் பருவத்தில் வெளியே இலை வாங்கிப் போட்டோம். பட்டுப்புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் எண்பது சதவீதத்துக்கு மேல் அந்த ஐந்தாம் பருவத்தில்தான் தின்கிறது. அந்த ஏழெட்டு நாளில் தோட்டத்தில் இலை இல்லையென்றால் கூடு மெலிந்துபோகும். இரண்டு முறை தருமபுரி அங்காடிக்குப் போய், சல்லடைபோல மெலிந்த கூட்டைக் கொட்டிவிட்டுத் தலைகுனிந்து திரும்பியிருக்கிறோம்.

இனி நாற்றை நாமே போட்டுக்கொள்வோம் என்று 2021இல் எட்டு சென்டில் பாத்தி அமைத்தோம். ஓர் ஏக்கருக்கான நாற்றை எட்டு சென்டில் எடுத்துவிடலாம் என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. அது சரியான கணக்குதான். ஆனால் பாத்தியை ஆற்றுப் பக்கத் தாழ்விலே போட்டோம், தண்ணீர் இறைக்க எளிது என்று. அந்த நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி கவுண்டன்யாவில் வந்த வெள்ளத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் பாத்தியில் தண்ணீர் ஐந்து நாள் நின்றது. வடிந்த பிறகு எஞ்சியவற்றின் அடித்தண்டில் கரும்பச்சைப் பொரிகள் கிளம்பின. தொட்டால் சொரசொரவென்று மரப்பட்டைச் சொறிபோல. தளிர்கள் ஒவ்வொன்றாகத் தொங்கின.

மறு ஆண்டு மேட்டில் போட்டோம். அதுவும் போயிற்று. வேர்க்கடலை பிடுங்கிய கொல்லை அது. குச்சியை நட்டுப் பதினைந்து நாளில் துளிர் வந்தது. வந்த துளிர் இரண்டிலை விட்டதும் சுருண்டது. குச்சியைப் பிடுங்கினால் மண்ணுக்குள் இருந்த பாகம் வேரே விடாமல் அழுகி நாறியது. குச்சிக்குள் ஏற்கெனவே இருந்த நீரைக் கொண்டு துளிர்த்ததை, வேர் பிடித்துவிட்டது என்று எண்ணி ஏமாந்தோம். நாற்றங்கால் போடுகிறவர்கள் பலர் இன்றும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

2023இல் ஒரு பயிற்சியில் கலந்துகொண்டபோதுதான், இரண்டு ஆண்டிலும் எங்களை அழித்தவை வேறு வேறு நோய்கள் என்று புரிந்தது. குச்சி மண்ணுக்குள்ளேயே அழுகுவது பியூசேரியம் என்ற பூஞ்சாணத்தால். தண்டில் கரும்பச்சைப் பொரி கிளம்பிப் பட்டை வெடிப்பது தண்டுச் சொறி. அதற்குக் காரணம் போட்ரியோடிப்ளோடியா என்ற இன்னொரு பூஞ்சாணம். நாற்று மூன்று நான்கு மாதம் வளர்ந்த பிறகு நுனியிலிருந்து கறுத்துக் கீழே இறங்கும் நுனிக்கருகலுக்கும் அதுவே காரணம். இரண்டு மூன்று மாத நாற்றில் மண்மட்டத்தில் பழுப்பு வளையம் விழுந்து, இலை மஞ்சளாகி, பிறகு சாய்வது கழுத்தழுகல். அது போமா என்ற பூஞ்சாணத்தின் வேலை. நான்கில் மிகவும் ஏமாற்றுவது இந்தக் கழுத்தழுகல் என்பேன். குச்சி அழுகல் நாற்றங்காலோடு முடிந்துவிடும், நாற்று விற்பவருக்குத்தான் நஷ்டம். கழுத்தழுகல் தொடங்கும்போது நாற்று விற்பனை உயரத்துக்கு வந்திருக்கும். இலை பச்சையாகவே இருக்கும். பிடுங்கிக் கட்டி வண்டியேற்றினால், நஷ்டம் நட்டவர் கொல்லைக்கு வந்துவிடுகிறது.

இந்தப் பூஞ்சாணங்கள் எங்கிருந்தோ பறந்து வருவதில்லை. நம் மண்ணிலும், நாம் வெட்டும் குச்சியிலும் இருக்கின்றன. வேர்க்கடலையின் வேரை அழுகச் செய்யும் மேக்ரோபோமினா என்ற பூஞ்சாணமே மல்பெரியின் வேரழுகலிலும் கை வைக்கிறது. எள்ளையும் அது விடுவதில்லை. வட ஆற்காட்டில் வேர்க்கடலையும் எள்ளும் விளையாத கொல்லை எது? கத்தரி பயிரிட்ட இடத்தையும் நாற்றங்காலுக்குத் தவிர்க்கச் சொல்வேன். புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்கத்தரி நம் பெருமைதான். ஆனால் கத்தரி வேரில் முடிச்சுப் போடும் நூற்புழு மல்பெரி வேரிலும் முடிச்சுப் போடும். அது துளைத்த புண் வழியாக அழுகல் பூஞ்சாணம் உள்ளே நுழையும். எங்கள் பாத்தி இப்போது இரண்டு ஆண்டு தரிசாகக் கிடந்த செம்மண் மேட்டில் இருக்கிறது. கோடை உழவு செய்து சித்திரை வெயிலில் மண்ணைப் புரட்டிப் போட்டோம். வேலூர் வெயிலைச் சபிக்காத ஆள் கிடையாது. நாற்றுப் பாத்திக்கு அந்த வெயில் செலவில்லாத மருந்து.

குச்சியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுத அனுமதியுங்கள், ஏனென்றால் நோய் பெரும்பாலும் இங்கேதான் ஏறிக்கொள்கிறது. ஆறு முதல் எட்டு மாதம் முற்றிய கிளை வேண்டும். சுண்டுவிரல் பருமன், மூன்று நான்கு கணு. மிக இளசும் அழுகும், அடிமரமும் வேர் விடாது. எங்கள் பக்கத்தில் இதைக் கட்டையின் மேல் வைத்து அரிவாளால் ஒரே போடாகப் போடுவார்கள். பட்டை கிழிந்து நார் நாராகத் தொங்கும். அந்தக் கிழிசல்தான் பூஞ்சாணத்துக்குத் திறந்து வைத்த கதவு. நல்ல கூரான செடி வெட்டும் கத்தரிக்கோல் ஒன்று வாங்கினேன். ஒரு நாளில் ஆயிரம் குச்சி குறைவாக வெட்டுகிறோம், கூலி கூடுகிறது, பரவாயில்லை. வெட்டிய குச்சியை வெயிலில் போடக் கூடாது, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து அன்றோ மறுநாளோ நட்டுவிட வேண்டும். இதைச் சொன்னால் சிலர் மூன்று நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள், துளிர் சீக்கிரம் வரும் என்று. துளிர் வரும், அழுகலும் உடன் வரும்.

நடும் முன் குச்சிகளைக் கார்பன்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லிக் கரைசலில் அரை மணி நேரம் அமிழ்த்தி எடுப்பது ஒரு முறை. எனக்குச் சொல்லித் தந்த அளவு லிட்டருக்கு இரண்டு கிராம். இன்னொரு முறை, மைசூரில் உள்ள மத்திய பட்டு ஆராய்ச்சி பயிற்சி நிலையம் நாற்றங்காலுக்கென்றே உருவாக்கிய நர்சரி-கார்டு. அது டிரைக்கோடெர்மா என்னும் நல்ல பூஞ்சாணம். ஒரு கிலோவை அறுபது கிலோ மட்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் காயாமல் ஒரு வாரம் நிழலில் வைத்தால் எருவெங்கும் பெருகிவிடும். பிறகு பாத்தியில் சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ தூவிக் கிளறிவிட வேண்டும். மூடாக்கை விலக்கிப் பார்த்த அன்று எரு முழுதும் வெண்ணூலும் பச்சைத் தூளுமாகப் படர்ந்திருந்தது. பூஞ்சாணம் என்றாலே பகை என்று நினைத்திருந்த நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்று கொல்கிறது, ஒன்று காவல் இருக்கிறது, இரண்டும் ஒரே மண்ணில்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். சில உரக்கடைகளில் கார்பன்டாசிமையும் டிரைக்கோடெர்மாவையும் ஒன்றாகவே எடுத்துக் கொடுக்கிறார்கள். இரட்டைப் பாதுகாப்பு என்று வாங்குகிறவர் நம்புகிறார். கார்பன்டாசிம் கெட்ட பூஞ்சாணத்தைக் கொல்லும்போது நல்லதையும் சேர்த்துக் கொல்லும். நர்சரி-கார்டு இட்ட பாத்தியில் அந்தக் கரைசலை ஊற்றினால் இரண்டுக்கும் கொடுத்த பணம் வீண். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் நல்ல பூஞ்சாணத்தின் பக்கம். புழு வளர்க்கும் வீட்டில் மருந்து வாளியைக் கண்டாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். ஒரு பாத்திரம் மாறினால் ஒரு முட்டைத் தொகுதி முழுதும் போய்விடும்.

பாத்தியின் அளவு நான்கு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். நான்கு பக்கமும் வடிகால். தண்ணீரை வெள்ளமாகப் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டோம், மண் காய்ந்த பிறகுதான் அடுத்த நீர். நோய் கண்ட நாற்றை அன்றே வேரோடு பிடுங்கி எரிக்கிறோம். வரப்பில் போடுவதில்லை, எருக்குழியிலும் போடுவதில்லை. 2023இல் போட்ட 6,000 குச்சியில் 5,100 தேறியது. முந்தைய ஆண்டு அதே எண்ணிக்கையில் 2,300கூடத் தேறவில்லை.

இப்போது நான் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். பட்டுப்புழு முட்டைக்குச் சட்டம் இருக்கிறது. மத்திய பட்டு வாரியச் சட்டத்தில் 2006இல் கொண்டுவந்த திருத்தம் முட்டையின் தரத்துக்கு விதிகள் வகுத்தது. தாய்ப் பூச்சியை நுண்ணோக்கியில் சோதித்து, நோயில்லை என்று கண்ட முட்டையைத்தான் நம் கையில் தருகிறார்கள். எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றிய ஏற்பாடு அது, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அந்த முட்டையிலிருந்து வரும் புழு தின்னப்போகும் செடி? நான் நாற்று வாங்கிய எந்த இடத்திலும் இன்ன இரகம், இன்ன நாளில் நட்ட குச்சி, நோய் பார்த்தாயிற்று என்று ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கையில் தந்ததில்லை. ஒரு மாதம் வாழும் புழுவுக்கு அவ்வளவு காவல், பதினைந்து ஆண்டு நிற்கும் செடிக்கு ஒன்றுமில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பெரிய சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். மானியம் பெற்று நடப்படும் நாற்றுகளையாவது, பிடுங்குவதற்கு முன்பு பாத்தியிலேயே ஒருமுறை பார்த்துக் கையெழுத்திடப் பட்டு வளர்ச்சித் துறை ஏற்பாடு செய்யட்டும். பாத்திக்குப் பத்து நாற்று பிடுங்கிக் கழுத்தைக் கீறிப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். நர்சரி-கார்டு போன்ற பொருள்கள் ஒவ்வொரு வட்டத் தலைநகரிலும் கிடைக்கட்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் யாரிடமாவது ஒரு பொட்டலம் வாங்கி வரச் சொல்லி இரண்டு மாதம் காத்திருக்கிறோம். அதற்குள் பருவம் போய்விடுகிறது. விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அங்கே மல்பெரி நாற்றங்காலுக்கென்று ஒரு நாள் பயிற்சி, அதிலும் குச்சி வெட்டும் கூலிப் பெண்களுக்கு, நடத்தினால் முன்வரிசையில் நான் உட்காருவேன். ஏனென்றால் குச்சியைத் தொடுவது அவர்கள் கை. பயிற்சிக்கு அழைக்கப்படுவது எப்போதும் பட்டா வைத்திருப்பவரின் கை.

நாற்று விற்பவர்களிடம் எனக்குப் பகை இல்லை. ஒரு நாற்றுக்கு இரண்டரை, மூன்று ரூபாய் பெற்று அவர்களும் பிழைக்க வேண்டும். வாங்குகிற நாம்தான் உயரத்தைக் கேட்டுக் கேட்டு அவர்களை யூரியா கொட்ட வைக்கிறோம். உயரம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, கழுத்து சுத்தமாக இருந்தால் ஐம்பது காசு கூடுதலாகத் தருகிறேன் என்று வாங்குகிறவர் சொல்லத் தொடங்கினால் அவர்களும் மாறுவார்கள். நான் சொல்லியிருக்கிறேன், ஒருவர் மாறியும் இருக்கிறார்.

கொழுந்தனாரின் நாற்றுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விற்றவரிடம் பேசிப் பார்த்தார். வண்டியேறிய பிறகு தன் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. அன்று மாலை நானும் அவர் மனைவியும் என் மருமகளும் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு நாற்றாகக் கீறிப் பிரித்தோம். விளக்கு வைத்து இரவு பதினொரு மணி வரை பிரித்தோம். 5,500இல் 1,960 ஒதுக்கினோம். ஒதுக்கியதை அவர் கொல்லையில் எரித்தார். அவர் மனைவி புகையைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். காதிலிருந்த தோட்டை அடகு வைத்து வாங்கிய நாற்று அது.

இது ஆனி மாதம். ஐப்பசி நடவுக்கான குச்சிகள் இப்போதுதான் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களில் பாத்திக்குப் போகின்றன. கழுத்தழுகல் இரண்டாம் மூன்றாம் மாதத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். பார்க்க வருகிறவர்கள் ஆவணியில் வர வேண்டும். ஐப்பசியில் வந்தால் சாக்கில் கட்டிய நாற்றின் பச்சை இலையை மட்டும்தான் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
பட்டு விவசாயி ஒருத்தி,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.